குழியருகே இரண்டு ஹாரன்

கல்லேரி டிப்போவில் விடிந்ததும் கேட்கிற முதல் சத்தம் தமயந்தியின் அதட்டல்தான்.

"காலத் தூக்கி மேல வெய்யுங்க! தரையில பட்டுதுன்னா எறக்கி உட்ருவேன், சொல்லிப்போட்டேன்!"

அவள் ஓட்டுகிற வண்டியில் ஏறும் யாரும் தரையில் கால் வைக்கக் கூடாது. கூரையிலிருந்து தொங்கும் இருக்கையில் உட்கார்ந்து, தோளுக்கும் இடுப்புக்கும் பட்டையை மாட்டிக்கொண்டு, முன்னால் நீட்டியிருக்கும் கம்பியில் பாதங்களை வைத்துக்கொள்ள வேண்டும். அடியில் கண்ணிவெடி வெடித்தால் தரைத்தகடு எகிறும். அதில் ஊன்றிய கால் முழங்கால்வரை நொறுங்கிப்போகும். தினமும் ஊத்துக்காட்டுக்குப் போய்வருகிற பூக்காரி குப்பாயிக்கும், நர்ஸ் ஜமுனாவுக்கும், பள்ளிக்கூட வாத்தியார்களுக்கும் இது பழகிப்போய்விட்டது. கல்லேரிப் பிள்ளைகள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட நாற்காலிக் கம்பியில்தான் காலை வைக்கும்.

வண்டியின் பெயர் ஆமை ஏழு. ஆமை என்பது ஊர் வைத்தது. அரசாங்கத் தாளில் அது 'கண்ணிக்காப்புக் கவச ஊர்தி'. ஒரு காலத்தில் படைவீரர்களை ஏற்றிப்போகக் கட்டியது. மேலே தடித்த எஃகுக் கூடு. கூட்டின் அடிப்பாகம் படகைப் போல நடுவில் கூர்ந்து இரண்டு பக்கமும் சரிந்திருக்கும். வெடியின் வேகம் அந்தச் சரிவில் பட்டு வெளியே சிதறிவிடும். கூட்டுக்குக் கீழே இருப்பதோ ஊரறிந்த லாரிச் சேசிஸ்தான். வெங்காய மூட்டை சுமக்கிற அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ், அதே பட்டை ஸ்பிரிங். உதிரிபாகம் எந்தச் சந்தையிலும் கிடைக்கும் என்பதற்காக அப்படிக் கட்டியதாகச் சொன்னார்கள். உண்மைக் காரணம் வேறு என்பது பிறகுதான் வெளியே வந்தது.

அன்றைக்கு விஜயதசமி. நல்ல காரியம் தொடங்குகிற நாள். ஆமைக்குப் பின்னால், டிப்போ வாசலில், மரப்பலகையும் தகரமுமாக ஒரு சாதாரண லாரி நின்றுகொண்டிருந்தது. பாரம் முழுக்கச் சின்ன வெங்காயம். கவசம் என்று அதில் இருந்தது கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சை மாலை ஒன்றுதான். அந்தச் சாலையில் ஒரு வெறும் லாரி போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதை ஓட்டப் பெயர் கொடுத்தவன் தமயந்தியின் அண்ணன் செங்கோடன். ஊரில் வேறு யாரும் முன்வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"பயமா இருக்குதா அண்ணா?" என்று தமயந்தி கேட்டாள்.

"என்ற லாரிய ஓட்ட எனக்கென்ன பயம்? நீ முன்னால போ. டப்பா மாதிரி ஒண்ண வெச்சுக்கிட்டுப் பேச்சப் பாரு," என்றான் செங்கோடன். அவனுக்கு ஆமையைக் கண்டாலே ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது.

போர் முடிந்தபோது சண்டைபோட்ட இரண்டு தரப்பும் கைகுலுக்கிக்கொண்டு போய்விட்டன. மண்ணுக்குள் போட்டதை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அவை கற்கும் கண்ணிகள். ஊரார் அவற்றைக் காதுக்காரன் என்பார்கள். மேலே போகிற வண்டியின் அதிர்வைக் கேட்டு, இது படையா, பிழைப்பா என்று கண்ணி தானே முடிவு செய்யும். ஒன்று கற்றதை மண்வழியாகவே மற்றதுக்குச் சொல்லும். தோண்டப் போனால் வெடிக்கும், விட்டுவிட்டால் மெல்ல ஊர்ந்து இடம் மாறும். பிழைப்புக்குப் போகிற லாரியைத் தொடக் கூடாது என்று உலகச் சட்டம் போட்டிருந்ததால், போரின் தொடக்கத்தில் லாரிச் சத்தம் கேட்டால் அவை சும்மா கிடந்தன.

சும்மா கிடந்ததைக் கெடுத்தது ஒரு புத்திசாலி. படைவண்டியையே லாரிச் சேசிஸின்மேல் கட்டினால் காதுக்காரன் ஏமாந்துபோவான் என்று அவருக்குத் தோன்றியது. ஊரில் ஓடிய லாரிகளைப் பிடித்து, உடலைக் கழற்றி, கூட்டை ஏற்றினார்கள். ஒரு கோடைகாலம் காதுக்காரன் ஏமாந்தான். அப்புறம் கற்றுக்கொண்டான். லாரிச் சத்தம் என்றாலே படை என்று மண்ணெல்லாம் செய்தி பரவியது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே புத்திசாலி சௌக்கியமாக இருந்தார், சுட்டது லாரிக்காரர்களை.

செங்கோடனின் லாரி அப்படிப் பிடிக்கப்பட்டவற்றில் ஒன்று. முன்பலகையில் தாயின் பெயரை 'அங்காயி துணை' என்று எழுதிவைத்திருந்தான். அதிகாரிகள் வந்தபோது சாவியைக் கொடுத்தான், ஹாரனை மட்டும் கொடுக்கவில்லை. முந்தின சாயங்காலமே அதைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டான். 'என்ற லாரிக்கு மிலிட்டரி வேஷங் கட்டி உட்டு, அதையும் கெடுத்து ஊரையும் கெடுத்தாங்க' என்பது அவன் காலம் முழுக்கச் சொன்ன வசனம். அது பொய்யும் இல்லை.

ஆனால் அதே சேசிஸ்மேல் ஏறிய கூட்டில்தான், போரின் கடைசி நாட்களில், ஊத்துக்காட்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். அவர்களில் தமயந்தியும் ஒருத்தி. நிறைமாதக்காரி. நடுக்காட்டில் வண்டிக்கடியில் வெடித்தது. எஞ்சின் ஒரு பக்கம், முன் அச்சு ஒரு பக்கம் போயின. சேசிஸ் முறுக்கிய கம்பியாகிக் குழியில் விழுந்தது. கூடு மட்டும் சேசிஸை விட்டுக் கழன்று உருண்டு, கவிழ்த்த பானை மாதிரி தள்ளி உட்கார்ந்தது. உள்ளே இருந்தவர்களுக்குக் காது அடைத்தது, சிராய்த்தது, அவ்வளவுதான். அத்தனை பேரும் நடந்தே வெளியே வந்தார்கள்.

பிற்பாடு அந்தக் கூட்டை இன்னொரு சேசிஸ்மேல் ஏற்றி ஆமை ஏழு என்று பெயர் வைத்தார்கள். மகள் நடக்கப் பழகியதும் தமயந்தி அதற்கே ஓட்டுநராகச் சேர்ந்தாள். வேலையின் பெயர் பழக்கோட்டம். தோண்ட முடியாத கண்ணிக்குப் பாடம்தான் சொல்ல முடியும். தினமும் அதே வண்டி, அதே நேரம், சாதாரண ஜனம். போகிற வழியில் யாரும் இறங்க மாட்டார்கள், யாரும் சுட மாட்டார்கள். 'இது பிழைப்பு, படையில்லை' என்று மண்ணுக்கு நாள்தோறும் ஒரு பாடம்.

இந்தப் பாடத்துக்கு நடுவில் தமயந்தி ஒரு விதிமீறலும் செய்துவந்தாள். பழைய குழி வந்ததும் பிரேக்கை மிதித்து, நியூட்ரலில் போட்டு, ஹாரனைக் குட்டையாக இரண்டு தரம் அழுத்துவாள். வழியோர முனியப்பனுக்கு லாரிக்காரர்கள் அடிக்கிற மாதிரிதான். கீழே துருப்பிடித்துக் கிடக்கிற சேசிஸைப் பார்த்து, "நல்லா இருடா சாமி" என்பாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கிளம்புவாள். வழியில் நிற்கக் கூடாது என்பது துறையின் முதல் விதி. பொறியாளர் தேவசகாயம் முதலில் எச்சரித்தார், அப்புறம் எழுதிக் கேட்டார், கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

டிப்போவில் மேளச்சத்தம் காதைப் பிளந்தது. தேவசகாயம் பூசணிக்காய் உடைத்தார். மெக்கானிக் ரபீக் ஆமையின் சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். ஆமை பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. கூப்பிடுதூரம் விட்டு வெங்காய லாரி பின்தொடர்ந்தது. எல்லைக் கதவு திறந்து, இரண்டும் போனதும் மூடிக்கொண்டது. அங்கிருந்து ஊத்துக்காடுவரை திரும்ப வழி கிடையாது. சாலை அகலம் அப்படி. ஓரத்தில் சக்கரம் இறங்கினால் யாருக்கும் பொறுப்பில்லை.

முதல் பாலம் வந்தது. அங்கேதான் தமயந்திக்கு உறைத்தது.

சத்தம் இல்லை.

ஆமை ஏழின் பின்பக்க இடது ஸ்பிரிங், மேடுபள்ளம் வந்தால் 'டக் டக்' என்று இரண்டு தட்டுத் தட்டி, ஒரு முனகல் முனகும். வருஷக்கணக்கில் ஏறுகிற ஜனத்துக்கு அது தாலாட்டு. துறையின் நம்பிக்கைப்படி காதுக்காரனுக்கு அதுதான் அடையாளம். எந்த ஆமையின் தாளமும் மாறக் கூடாது, பாகம் மாற்றினால் ஆளில்லாமல் ஒரு மாதம் ஓட்டிப் பழக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. இப்போது பாலத்தில் ஏறி இறங்கிய வண்டி வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோலப் போனது.

கம்பியில்லாக் கருவியை எடுத்தாள். "ரபீக்! வண்டிய என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலியேக்கா. நேத்து ஆயுத பூஜைக்குக் கழுவுனேன். பொட்டு வெச்சேன். அப்புறம்..." அவன் குரல் அறுந்தது. "ஸ்பிரிங்குக்குப் புது புஷ் போட்டேங்க்கா. கிரீஸ் வெச்சேன். எத்தன வருஷமா முனகிட்டே எல்லாத்தையும் சொமக்குது. நாளைக்குப் பெரிய நாளு, ஒரு நாளாவது வலியில்லாமப் போவட்டும்னு... அய்யோ அக்கா!"

ரபீக் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது, பட்டறையில் உண்டு. அன்றைக்குக் கருவிக்கு ஓய்வு கொடுத்து, துடைத்து, அதற்கு நல்லது செய்ய வேண்டும் என்பது பட்டறையில் பிறந்த புத்தி. நன்றி மிஞ்சிப்போய் அவன் செய்த தப்பு அது. திட்டக்கூடத் தமயந்திக்கு வாய் வரவில்லை.

முன்னால் இருந்த செவிமானியைப் பார்த்தாள். மண்ணுக்குள் கண்ணிகள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டு விளக்காகக் காட்டுகிற கருவி அது. பச்சை என்றால் தூக்கம், மஞ்சள் என்றால் கேட்கிறான், சிவப்பு என்றால் முடிவு செய்துவிட்டான். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்துக்குப் பிறகு அது பச்சையை விட்டு அசைந்ததில்லை. இப்போது மஞ்சள் எரிந்தது.

ஆமைக்குள் இருப்பவர்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை. கூடு காப்பாற்றும், முன்பும் காப்பாற்றியது. ஆனால் ஒன்று வெடித்தால் அத்தனை பாடமும் மண்ணோடு போச்சு. பின்னால் தகரத்துக்குள் உட்கார்ந்து வருகிற அண்ணனுக்கு அடுத்த கண்ணி வெடிக்கும்.

"என்ன அம்மிணி, மெதுவாப் போற?" என்றது செங்கோடனின் குரல்.

"மஞ்ச எரியுது அண்ணா. வண்டித் தாளம் மாறிப்போச்சு."

"நிக்காத. போய்ட்டே இரு," என்றான். குரலில் வசனம் எதுவும் இல்லை.

பின்னால் குப்பாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அட, அந்த டக்கு டக்குதான? எங்களுக்குத் தெரியாததா? ஏனுங் வாத்தியாரே, அந்த டிபனு டப்பாவ எடுங்க!" என்று சொல்லிவிட்டு, பூக்கூடையிலிருந்து எடைக்கல்லை எடுத்துச் சுவரில் தட்டினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். டிபன் டப்பா, தண்ணீர்ப் புட்டி, கைவளையல். பள்ளம் வரும்போதெல்லாம் 'டக் டக்'. நர்ஸ் ஜமுனா முனகலையும் விடவில்லை, வாயாலேயே முனகினாள். வேறு நாளாக இருந்தால் தமயந்தி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

மஞ்சள் இறங்கவில்லை. சிவப்பு விட்டு விட்டு மினுக்கத் தொடங்கியது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! இன்னும் கூடுது!"

எல்லாரும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. முன்னால் பழைய குழி தெரிந்தது. சிவப்பு எரிந்தால் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துத் தாண்ட வேண்டும் என்பது விதி. தாண்டினால் அவள் பிழைப்பாள். அண்ணன்?

யோசித்து எடுத்த முடிவென்று சொல்ல முடியாது. 'வெடிக்கிறதானா வெடிக்கட்டும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் போக மாட்டேன்' என்று ஒரு வீம்பு. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. குழியருகே ஆமை நின்றது. நியூட்ரல். ஹாரனைக் குட்டையாக இரண்டு தரம் அழுத்தினாள். துருப்பிடித்த சேசிஸைப் பார்த்தாள்.

"நல்லா இருடா சாமி," என்றாள். "இன்னிக்கு அவனையும் பாத்துக்க."

சிவப்பு அணைந்தது. மஞ்சள் தயங்கித் தயங்கி அணைந்தது. பச்சை.

குப்பாயிதான் முதலில், "அப்ப இத்தன நாளா அவன் கேட்டது ஹாரனத்தானா?" என்றாள்.

அவன் கேட்டது ஹாரனையோ, வண்டி நின்றதையோ, தமயந்திக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். ஆமையை முன்னால் நகர்த்திக்கொண்டே கருவியில் கத்தினாள். "அண்ணா! குழிகிட்ட நிறுத்து. ரெண்டு ஹாரன் அடி. எறங்கிறாத. சித்த நேரம் இருந்துட்டுக் கெளம்பு."

"நடுக்காட்டுல லாரிய நிறுத்தறதா? உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது?"

"என்ற பேச்ச ஒரு நாளாச்சும் கேளு அண்ணா!"

பின்கண்ணாடியில் லாரி மெதுவாக வந்து குழியருகே நிற்பது தெரிந்தது. ஹாரன் வரவில்லை. செவிமானியில் மறுபடி மஞ்சள் ஏறியது.

"அண்ணா, அடி."

"அம்மிணி," என்றான் செங்கோடன். "இது என்ற லாரி."

குழியில் கிடந்ததை அவன் பார்த்ததே இல்லை. பறித்துக்கொண்டு போனவர்கள்மேல் கோபம், அதன்மேல் ஏற்றிய கூட்டைப் பார்க்க மாட்டேன் என்று பிடிவாதம். இத்தனை வருஷத்தில் ஆமையில் ஏறி ஒருமுறைகூட இந்த வழி வந்ததில்லை. இப்போது முறுக்கிப்போன இரும்பில், தன் கையால் ஒட்டவைத்த குறுக்குச் சட்டத்தை அவன் அடையாளம் கண்டுகொண்டிருந்தான்.

"உன்ற லாரிதான் அண்ணா. அதுதான் எங்கள வெளிய தள்ளி உட்டுட்டு அது கீழ போச்சு. ஹாரன அடி அண்ணா, மஞ்ச எரியுது!"

அடித்தான். தமயந்தி அந்தச் சத்தத்தைக் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. பாதி தூரத்தில் அதைக் கேட்டதுமே, மகன் வருகிறான் என்று அம்மா உலை வைப்பாள். பரணில் துண்டுக்குள் கிடந்த ஹாரனை அண்ணன் புது லாரியில் மாட்டியிருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது தரமும் அடித்தான்.

பச்சை.

"எறங்கிருச்சு அண்ணா. கெளம்பு."

அவன் கிளம்பவில்லை. "அன்னிக்கு உள்ள எத்தன பேரு இருந்தீங்க?"

"எட்டுப் பேரு."

"எட்டுப் பேரு," என்று திருப்பிச் சொன்னான். "எனக்கு லாரி போச்சுன்னுதான் தெரிஞ்சுது அம்மிணி. என்ற தங்கச்சி திரும்பி வந்தது தெரியலியே. ஊரெல்லாம் லாரிக் கதையே பேசிட்டுத் திரிஞ்சனே." அவன் அழுதான். மறைக்கவும் இல்லை.

தமயந்திக்கும் பாதை மங்கியது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எட்டில்ல அண்ணா, ஒம்பது. வயித்துல ஒருத்தி இருந்தா."

சற்றுக் கழித்து, மூன்றாவது முறையாக ஹாரன் கேட்டது. குட்டையாக இல்லை, நீளமாக. லாரி கிளம்பியது.

ஊத்துக்காட்டில் அன்றைக்கு வெங்காயம் இறங்கியதைப் பார்க்க ஊரே திரண்டது. பத்து வருஷத்துக்குப் பிறகு அந்த ஊரில் ஆமைக்குள் அடங்காத அளவு பண்டம் வந்திறங்கியது. குப்பாயி ஒரு முழம் பூவை அறுத்து செங்கோடனின் லாரிக்குக் கட்டினாள். இரண்டாவது முழத்தை, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆமைக்குக் கட்டினாள். பூ சரியாக நிற்கவில்லை என்று அவனே இழுத்து முடிச்சுப் போட்டான்.

பொறியாளர் தேவசகாயம் பழைய பதிவுகளை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் தமயந்தியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தாளம் மாறினா அதுக்குச் சந்தேகம் வருது, அவ்வளவுதாம்மா. ஆனா அது நம்பறது தாளத்தால இல்ல. கண்ணிக்கு எதிரின்னா நிக்காமப் போறவன், நின்னா இறங்கறவன். அடிபட்ட இடத்துலயே வந்து நின்னு, யாரும் இறங்காம, சத்தம் கொடுத்துட்டுச் சும்மா போற வண்டிய அது எந்தப் படையிலும் பாத்ததில்ல. அதைத்தான் நல்லவனோட அடையாளமா எடுத்துக்கிட்டிருக்கு. விதிய மீறி நீங்க நின்னதாலதான் இந்தப் பாடமே நடந்திருக்கு. நான் உங்களுக்கு எழுதின எச்சரிக்கைய எல்லாம் கிழிச்சுப் போட்ருங்க."

"ரபீக்க ஒண்ணும் பண்ணிராதீங்க சார்," என்றாள் தமயந்தி. அவளுக்கு அன்றைக்கெல்லாம் அதுதான் கவலை.

"அவன் கிரீஸ் வெக்கலைன்னா இது நமக்குத் தெரிஞ்சே இருக்காது," என்றார் தேவசகாயம்.

குழியருகே துறை ஒரு பலகை நட்டது. 'எல்லா வண்டிகளும் நிற்கவும். இறங்க வேண்டாம். இரண்டு முறை ஹாரன் அடிக்கவும்.' இப்போது அந்தச் சாலையில் வெங்காயம், சிமெண்ட், கல்யாணக் கூட்டம் எல்லாம் போகிறது. தானாக நின்று தானாக ஹாரன் அடிக்கிற பொறியைப் பொருத்தலாமே என்று யாரோ கேட்டார்கள். லாரிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நின்ற இடத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் ஒவ்வொருவனும் யாரையாவது நினைத்துக்கொள்கிறான். பெற்றவளை, கடைசி நேரத்தில் ரத்தம் கொடுத்தவனை, தொழில் கற்றுக்கொடுத்தவனை. காதுக்காரனுக்கு அந்த வித்தியாசம் கேட்குமா என்று யாருக்கும் தெரியாது.

பலகையில் இரண்டு என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் எல்லா லாரியும் மூன்று அடிக்கிறது. முதல் லாரி மூன்று அடித்தது, பின்னால் வந்தவன் அதைப் பார்த்து அடித்தான், அதுவே வழக்கமாகிவிட்டது. மூன்றாவது எதற்கு என்று கேட்டால் பாதிப்பேருக்குச் சொல்லத் தெரியாது.

பள்ளிக்கூட விடுமுறையில் தமயந்தியின் மகள் மாமனோடு லாரியில் வருவாள். குழியருகே செங்கோடன் இரண்டு தரம் அடித்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வான். அவள் எக்கி, மூன்றாவதைத் தானே அழுத்துவாள்.